ருமேனியச் செருப்புத் தொழிலாளிக் கவிஞர் நெக்குலுட்ஸா: கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் வழி சொல்லுங்கள்

இளவேனில்_மொ (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஒரு சிற்றிதழுக்காக ருமேனியக் கவிஞர் துமித்ரு தெயோடோர் நெக்குலுட்ஸா (1859–1904) பற்றிக் கட்டுரையும், கூடவே நான்கைந்து கவிதைகளின் மொழிபெயர்ப்பும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ருமேனிய மொழி அகராதி துணையோடு படிக்கிற அளவுக்கு வரும்.

எனக்குத் தெளிவாக வேண்டியவை இவை. இணையத்தில் ஒரு இடத்தில் "ஆலைத் தொழிலாளி" என்றும், இன்னொரு இடத்தில் "செருப்புக் கடைக்காரர்" என்றும் போட்டிருக்கிறது. எது சரி? அவர் கவிதைகளுக்கு எந்தப் பதிப்பை நம்பலாம்? 1948-இல், இறந்து 44 ஆண்டுகள் கழித்து, ருமேனிய அகாதெமி உறுப்பினர் ஆக்கியிருக்கிறார்கள். அப்படியானால் "கம்யூனிஸ்ட் கட்சி ஊதிப் பெரிதாக்கிய கவிஞர்" என்ற பேச்சில் உண்மை உண்டா? கடைசியாக, அவருடைய கூட்டுப்பாடல் வகைக் கவிதைகளைத் தமிழில் எந்த யாப்பில் கொண்டுவருவது? புதுக்கவிதையாகப் போட்டுப் பார்த்தேன், துண்டுப்பிரசுரம் மாதிரி வந்து நிற்கிறது.

---

பனையோலை

ஆலைத் தொழிலாளி என்பது தவறு. முதலில் அதை வெட்டிவிடுங்கள், கட்டுரையில் பாதி தானாகச் சரியாகிவிடும். அவர் கையால் செருப்பு, பூட்ஸ் தைக்கும் கைவினைஞர். எடுபிடிப் பையனாகப் பட்டறையில் சேர்ந்து, கூலிக்குத் தைத்து, பிறகு சொந்தமாகச் சிறு பட்டறை போடுவது அந்தத் தொழிலின் ஏணி. ருமேனிய மொழியில் அந்த மூன்று படிகளுக்கும் உசெனிக், கால்ஃபா, மெஷ்டெர் என்று பெயர். "கடைக்காரர்" என்று எழுதியவர் கடைசிப் படியை மட்டும் பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு பெஞ்சும் இரண்டு ஸ்டூலும் உள்ள பட்டறைக்காரரை முதலாளி என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பிறந்த ஊர் தர்கு ஃப்ருமோஸ். மால்டேவியாவில், யாஷ் நகருக்கு மேற்கே உள்ள சிறு சந்தை ஊர். 1859 என்பதைச் சும்மா பிறந்த ஆண்டாக மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் மால்டேவியா, வலாக்கியா இரண்டு சிற்றரசுகளும் அலெக்சாந்த்ரு குஸாவைத் தங்கள் பொதுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. இன்றைய ருமேனியாவின் தொடக்கம் அது. ஆனால் யாஷுக்கு அது இறங்குமுகம். 1862-இல் புக்கரெஸ்ட் ஒரே தலைநகர் ஆனதும் மந்திரிகள், அலுவலகங்கள், பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் தெற்கே நகர்ந்தார்கள். நல்ல பூட்ஸ் தைத்துப் போடுகிற வாடிக்கையாளர்களும் அவர்களோடு போனார்கள்.

அடுத்த அடி 1875. அந்த ஆண்டு ருமேனியா ஆஸ்திரியா-ஹங்கேரியோடு பத்தாண்டு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது. ருமேனியாவின் தானியமும் கால்நடையும் அங்கே போகும்; அவர்களுடைய ஆலைச் சரக்கு குறைந்த தீர்வையில் இங்கே வரும். நிலப்பிரபுக்களுக்கு லாபம். உள்ளூர்த் தையல், தோல், மரவேலைக்காரர்கள் தலையில் இடி. ஒப்பந்தம் முடிந்த கையோடு, 1886 முதல் 1891 வரை, இரு நாடுகளுக்கும் தீர்வைச் சண்டை நடந்தது. நெக்குலுட்ஸா தொழில் பழகி ஆளான காலம் முழுக்க இதற்குள் அடங்குகிறது. அவர் கவிதையில் வரும் வறுமைக்குப் பொதுவாக "முதலாளித்துவச் சுரண்டல்" என்று ஒட்டிவிட்டுப் போகாமல் இந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். வாசகனுக்குப் பிடி கிடைக்கும்.

யாஷில் அப்போது சோஷலிசம் பேசியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், மாணவர்கள், வழக்கறிஞர்கள். நடேஷ்டே சகோதரர்கள் நடத்திய 'கான்டெம்பொரானுல்' இதழ் 1881 முதல் 1891 வரை அங்கிருந்துதான் வந்தது. நெக்குலுட்ஸா பிறகு புக்கரெஸ்ட் போனார். 1893-இல் ருமேனியத் தொழிலாளர் சமூக ஜனநாயகக் கட்சி உருவானபோது அந்த வட்டத்தில் இருந்தார். சோஷலிச ஏடுகளில் எழுதினார்.

1899-இல் நடந்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்சியின் படித்த தலைவர்களில் பெரும் பகுதி, மோர்ட்ஸுனும் இயோன் நடேஷ்டேயும் உள்பட, கூண்டோடு தேசிய லிபரல் கட்சியில் போய்ச் சேர்ந்தார்கள். 'தாராள மனத்தார்' என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். ஓட்டுக் கணக்கும் ஒரு காரணம். 1884-க்குப் பிறகு நாட்டில் வருமானப்படி மூன்று தேர்தல் பிரிவுகள். சொத்தில்லாதவன் பேரில் நாடாளுமன்றத்துக்குப் போவது மிகக் கடினம். கட்சி சிதறிய பிறகு எஞ்சி நின்றவர்கள் பெரும்பாலும் கைத்தொழிலாளிகள். தச்சர் ஃப்ரிமு அவர்களில் ஒருவர். 1902-இல் 'ரொமானியா முன்சிடோவாரே', அதாவது 'உழைக்கும் ருமேனியா', என்ற பத்திரிகையைச் சுற்றி அவர்கள் கூடினார்கள். நெக்குலுட்ஸா அந்த வட்டத்தில் ஒருவர். பத்திரிகை சீக்கிரமே நின்று, 1905-இல்தான் மறுபடி வந்தது. அதற்குள் அவர் போய்விட்டார். வயது 45.

அவருடைய ஒரே நூல் இறந்த பிறகு, 1907-இல் வந்தது: 'ஸ்ப்ரே ட்ஸர்முல் த்ரெப்டட்ஸீ', 'நீதியின் கரையை நோக்கி'.

---

ஆவணக்கிடங்கு

பதிப்பு பற்றி நான் சொல்கிறேன். தேடும்போதே நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பெயரில் மூன்று தொல்லை. முதலாவது, நூலகப் பட்டியல்களில் துமித்ரு தெயோடோர், தெயோடோர் மட்டும், தெயோடோர் துமித்ரு என்று முன்பெயர் இடம் மாறி மாறி வரும். குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள். இரண்டாவது, அந்தக் குடும்பப் பெயரில் வரும் 'ட்ஸ' எழுத்துக்குக் கீழே ஒரு காற்புள்ளி உண்டு. பழைய கணினி எழுத்துருக்களில் அந்தக் காற்புள்ளி வடிவம் இல்லாததால், வால் போட்ட வடிவத்தை வைத்துத் தட்டினார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு வேறு குறியீடு. சில பட்டியல்களில் ஒன்றைப் போட்டால் மற்றது வராது. எனவே காற்புள்ளியோடு ஒருமுறை, வாலோடு ஒருமுறை, எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒருமுறை என்று மூன்று தடவை தேடுங்கள்.

மூன்றாவது எழுத்துமுறை. 1953-இல் ருமேனிய எழுத்துச் சீர்திருத்தம் வந்து, ஒரே ஒலிக்கு இருந்த இரண்டு எழுத்துகளில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். நாட்டின் பெயரைக்கூட வேறு எழுத்தில் அச்சிட்டார்கள். 1960-களின் நடுவில் நாட்டுப் பெயருக்கும் அதோடு ஒட்டிய சொற்களுக்கும் மட்டும் பழைய எழுத்து திரும்பி வந்தது. 1993-இல் அகாதெமி மற்ற சொற்களுக்கும் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஆகவே ஒரே கவிதை 1907 அச்சில் ஒரு மாதிரி, 1955 அச்சில் ஒரு மாதிரி, இன்றைய இணையப் பக்கத்தில் ஒரு மாதிரி இருக்கும். பாடபேதம் என்று பதறாதீர்கள். ஒலி மாறவில்லை, யாப்பும் மாறவில்லை. 'இருக்கிறேன்', 'இருக்கிறார்கள்' என்ற பொருளில் வரும் துணைவினையில் மட்டும் உயிரொலியே வேறாகும். அது அடி இறுதியில் வந்தால் இயைபைச் சரிபாருங்கள்.

1890-களின் பத்திரிகைப் பக்கங்களை ஸ்கேனில் படிக்கப் போனால் இன்னொரு குழி இருக்கிறது. சில ஏடுகளில் சொல் இறுதியில், மேலே பிறை போட்ட ஓர் 'உ' நிற்கும். அது ஒலிக்காது. அதையும் ஓர் அசையாக எண்ணினால் அடிக்கு அடி ஓர் அசை கூடுதலாக வந்து, "கவிஞருக்கு யாப்பு தெரியவில்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். 1904-இல் அகாதெமி விதி அதை நீக்கியது. 1907 நூலில் இந்தத் தலைவலி குறைவு.

தேதி: ருமேனியா 1919 வசந்தம் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 1859 தேதிக்கு 12 நாள், 1904 தேதிக்கு 13 நாள் வித்தியாசம். இரண்டு நூல்களில் இரண்டு பிறந்தநாள் கண்டால் முதலில் கழித்துப் பாருங்கள். சிற்றிதழ்க் கட்டுரைக்கு ஆண்டு போதும். நாள் போடுவதானால் எந்த நாட்காட்டி என்று சேர்த்துப் போடுங்கள்.

எந்தப் பதிப்பு என்றால் 1907-ஐ மூலமாக வையுங்கள். அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. மக்கள் குடியரசு (கம்யூனிஸ்ட் ஆட்சி) காலப் பதிப்புகளை அருஞ்சொல் விளக்கத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றின் முன்னுரையும் குறிப்புகளும் எழுதியவர்களுக்கு இன்னும் உரிமை இருக்கலாம். அப்படியே மொழிபெயர்த்துப் போட்டுவிடாதீர்கள். தொகை நூல்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தொகுப்பாளர் கைவைப்பது பெரும்பாலும் வரியில் இல்லை, தேர்வில். போராட்டக் கவிதை பத்து, காதல் கவிதை ஒன்று என்று பொறுக்கினால் ஆளே மாறிவிடுகிறார்.

புக்கரெஸ்ட் நகர நூலகத்தின் டாகோரோமானிகா மின்னூலகத்தையும், கிளூஜ் பல்கலைக்கழக மைய நூலகத்தின் பழைய இதழ்த் தொகுப்பையும் பாருங்கள். அக்கால ஏடுகள் நிறைய அங்கே பட வடிவில் உண்டு. எழுத்துணரியை (OCR) நம்பித் தேடாமல் ஆண்டு, இதழ் எண் வழியாகப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

---

தோல்பதம்

தொழில் பற்றி யாரும் விவரமாக எழுதவில்லை. நான் சேர்க்கிறேன். கவிஞர் தினம் பதினான்கு மணி நேரம் குனிந்து செய்த வேலை என்ன என்று தெரியாமல் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது முறையல்ல.

கைத்தையல் பூட்ஸுக்கு முதல் பொருள் லாஸ்ட், பாத வடிவில் செதுக்கிய மரக்கட்டை. பீச் போன்ற கடின மரம். அப்பர் தோலை, அதாவது பூட்ஸின் மேல்பாகத் தோலை, ஈரப்படுத்தி, இடுக்கியால் கட்டை மேல் இழுத்து, முதல் ஆணியைக் கட்டையின் கால்விரல் முனையில் அடிப்பார்கள். பிறகு இடமும் வலமும் மாற்றி மாற்றி. ஒரு பக்கமே இழுத்துக்கொண்டு போனால் தையல்கோடு கோணிவிடும். போடும்போதுதான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

நூலைக் கடையில் ரீலாக வாங்கி வருவதில்லை. சணல் அல்லது லினன் இழைகள் பலவற்றைத் தொடையில் வைத்து முறுக்கி, கீலும் மெழுகும் கலந்த உருண்டையில் இழுத்து இழுத்துப் பூசுவார்கள். மெழுகு குறைந்தால் நூல் ஓட்டையில் வழுக்கும், சேற்று நீர் பட்டு இற்றுப்போகும். இரு முனையிலும் ஊசிக்குப் பதில் பன்றி முள்மயிரைச் சேர்த்து முறுக்குவார்கள். வளைந்த குத்தூசியால் ஓட்டை போட்டதும், முள்மயிர் வளைந்து கொடுத்து உள்ளே போகும். இரும்பு ஊசி போகாது. இரண்டு முனைகளும் ஒரே ஓட்டையில் எதிரெதிராக நுழையும், பிறகு இரு கையையும் அகல விரித்து ஓங்கி இழுக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் இதே இழுப்பு.

சோல் தோலை ஊறவைத்து, மடியில் தட்டைக்கல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்குவார்கள். அதிகம் ஊறிய தோலைத் தைத்தால் காய்ந்த பின் சுருங்கித் தையல் தொளதொளத்துவிடும். கட்டையிலிருந்து அவசரப்பட்டுக் கழற்றினால் வடிவம் நிற்காது. குதியை அடுக்கடுக்காக மரமுளை அடித்து ஏற்றி, ஓரத்தைச் சூடான இரும்பால் மெழுகு தேய்த்து மூடுவார்கள்.

உட்காரும் விதமும் முக்கியம். குட்டை ஸ்டூல். தொடைக்கும் பாதத்துக்கும் ஒரு வார்ப்பட்டை சுற்றி, அதில் செருப்பு அசையாமல் நிற்கும். கட்டையின் மறுமுனை நெஞ்செலும்பில் அழுந்தும். எடுபிடிப் பையனாக வளரும் வயதில் தொடங்குவதால் நெஞ்சு உள்வாங்கிப்போகும். இதைத் தொழில்நோயாகவே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாலை இருட்டினால் விளக்குக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைத் தொங்கவிடுவார்கள். விளக்கொளி அதில் குவிந்து தையல் விழும் இடத்தில் கையளவு வட்டமாகப் பாயும். ஐரோப்பியச் செருப்புப் பட்டறைகளில் பரவலாக இருந்த சாமான் அது.

கை வேலையாக இருக்கும், பட்டறையில் பெரிய சத்தம் கிடையாது, வாய் சும்மா இருக்கும். அதனால் ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்பது பல நாடுகளில் வழக்கம். ஐரோப்பா முழுக்கச் செருப்புத் தொழிலாளிகள் ஏன் அரசியல் பேசுகிறவர்களாகவும் பாட்டுக் கட்டுகிறவர்களாகவும் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் ஹாப்ஸ்பாமும் ஜோன் ஸ்காட்டும் 1980-இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்கள். நெசவாலைத் தறிக்கூடத்தில் இது நடக்காது.

இயந்திரம் ஒன்றும் அவர் காலத்தில் புதிதில்லை. சோல் தைக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 1858-இல் காப்புரிமை. 1883-இல் மாட்செலிகர் கண்ட, தோலைக் கட்டை மேல் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் இயந்திரம் வந்த பிறகு, கையால் நாளுக்கு 50 ஜோடி இழுத்த இடத்தில் 150-இல் தொடங்கிப் பல நூறு ஜோடி ஆனது. பனையோலை சொன்ன இறக்குமதிச் சரக்கின் விலை ஏன் அவ்வளவு இறங்கியது என்பதற்கு இதில்தான் பதில். புக்கரெஸ்ட் பட்டறைக்காரனுக்கு மிஞ்சியது அளவெடுத்துத் தைக்கும் பணக்கார ஆர்டரும், பழுது பார்க்கும் வேலையும்.

---

கறுப்புமசி

"கட்சி ஊதிப் பெரிதாக்கியது" பற்றிய கேள்விக்கு வருகிறேன். பாதி உண்மை. ஆனால் சொல்கிற விதத்தில்தான் பித்தலாட்டம்.

1948-ஐ அப்படியே விவரமாகப் போடுங்கள். அந்த ஆண்டு ருமேனிய அகாதெமியைக் கலைத்து மக்கள் குடியரசின் அகாதெமியாக மாற்றினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பழைய உறுப்பினர்கள் வெளியே. கவிஞர், தத்துவவாதி லூச்சியான் பிளாகா அவர்களில் ஒருவர். அவருக்குப் பல்கலைக்கழக வேலையும் போனது. அதே ஆண்டு ஜனவரியில் கட்சி நாளேடான 'ஸ்கின்டெயா' கவிஞர் துதோர் அர்கேசியின் கவிதையை அழுகல் என்று தொடராக எழுதித் தீர்த்தது. எழுதியவர் ஸொரின் தோமா. அவருடைய அப்பா ஏ. தோமா அந்த ஆட்சியின் ஆஸ்தான கவிஞர். அந்த ஆண்டுதான் முன்பே இறந்துபோன இருவர், ருமேனியாவின் தேசியக் கவிஞர் எமினெஸ்குவும் நாடகாசிரியர் கராஜியாலேயும், அகாதெமிக்குள் வந்தார்கள். நெக்குலுட்ஸாவும் வந்தார். எமினெஸ்குவுக்குச் சமமாக அவரை உட்காரவைத்ததில் இலக்கிய நியாயம் இல்லை என்பது என் கருத்து. உயிரோடு இருந்த பெரிய கவிஞர்களை வெளியே தள்ளி, அந்த நாற்காலியில் இறந்தவரை உட்காரவைத்தார்கள்.

ஆனால் இதற்கு நெக்குலுட்ஸா என்ன செய்வார்? ருமேனியக் கம்யூனிஸ்ட் கட்சி தோன்றியது 1921-இல். அவர் நூல் வந்தது அதற்கு 14 ஆண்டு முன்பு. அவரைப் படித்தவர்கள், அவர் பாடல்களைக் கூட்டங்களில் பாடியவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். கட்சி அவரை உருவாக்கவில்லை, எடுத்துக்கொண்டது. 1989-க்குப் பிறகு எதிர்ப்பக்கம் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டது: 1948-இல் புகழப்பட்டவர் எல்லாம் குப்பை. செருப்புப் பட்டறையில் தொழில் பழகிய ஒருவர்தான் கடைசிச் சர்வாதிகாரி என்பதால் "செருப்புத் தொழிலாளி" என்ற சொல்லே ருமேனியாவில் வசையாகிப்போனது. சௌசெஸ்குவின் மேல் உள்ள கோபத்தில் 1904-இல் செத்தவனுக்கும் ஓர் அடி.

கட்டுரைக்கு என் யோசனை: 1948-ஐ ஆரம்பத்தில் வைக்காதீர்கள். வைத்தால் வாசகன் கவிதையை வழக்காகப் படிப்பான்.

---

பனையோலை

கறுப்புமசியோடு ஓர் இடத்தில் ஒத்துப்போகவில்லை. "இலக்கிய நியாயம் இல்லை" என்று ஒரே வீச்சில் தள்ளுவதற்கு முன், எமினெஸ்குவோடு வைத்துப் படித்துப் பார்க்கலாமே. எமினெஸ்குவின் 'பேரரசனும் பாட்டாளியும்' 1874-இல் வந்தது. சாராயக் கடையில் ஒரு பாட்டாளி அனல் பறக்கப் பேசுகிறான், பாரிஸ் கம்யூன் (1871 தொழிலாளர் எழுச்சி) எரிகிறது. கடைசியில் எல்லாம் வீண், வாழ்வே சாவின் கனவு என்று கவிதை அடங்கிப்போகிறது. விமர்சகர் டோப்ரோஜானு-கெரேயா இந்த நம்பிக்கையின்மையைத்தான் 1880-களில் கேள்வி கேட்டார். இன்னொரு விமர்சகரான மயோரெஸ்குவோடு அவர் நடத்திய "கலைக்குச் சார்பு கூடுமா" என்ற வாதம் அந்தத் தலைமுறை முழுவதையும் பிடித்து ஆட்டியது.

நெக்குலுட்ஸா எமினெஸ்குவின் யாப்பையும் சோகத்தையும் எடுத்துக்கொள்கிறார். சாராயக் கடைப் பேச்சாளனை வெளியே நின்று பார்க்காமல், அவன் வாயாகவே பேசுகிறார். முடிவை மட்டும் மாற்றுகிறார். நூலின் தலைப்பிலேயே அது இருக்கிறது: கரை என்று ஒன்று உண்டு, அதை நோக்கிப் போகிறோம். அவருடைய காதல் கவிதைகளில் எமினெஸ்குவின் நிழல் அதிகம், சில இடத்தில் நகல் போலவே இருக்கும், மறைக்க வேண்டாம். கூட்டுப்பாடல்களில்தான் அவர் சொந்தக் காலில் நிற்கிறார்.

அவற்றில் பெயர் பெற்றது 'கோர் தெ ரோபி', அடிமைகளின் கூட்டுப்பாடல். தமிழ் வாசகர் "அடிமை" என்பதை வெறும் உருவகம் என்று கடந்துபோவார். மால்டேவியாவில் தனியார் வசமிருந்த ரோமா ('ஜிப்ஸி') மக்களின் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1855 இறுதியில். கவிஞர் பிறக்க நான்கு ஆண்டுக்கு முன்புவரை ஆளை விற்கும் பத்திரம் எழுதப்பட்ட ஊர் அது. குடியானவரின் கட்டாய வேலை ஒழிய 1864 ஆனது. ஓர் அடிக்குறிப்பு போடுங்கள், போதும்.

---

இளவேனில்_மொ

எல்லாருக்கும் நன்றி. ஆவணக்கிடங்கு ஐயா சொன்ன மாதிரி வால் போட்ட எழுத்தில் தேடியதும் இன்னும் ஆறேழு பதிவுகள் வந்தன. இன்னும் இரண்டு சந்தேகம். நூல் 1907-இல் வந்ததற்கும் அந்த ஆண்டு நடந்த குடியானவர் கிளர்ச்சிக்கும் தொடர்பு வைத்து எழுதலாமா? யாப்பு பற்றி யாரும் தொடவில்லையே.

---

ஆவணக்கிடங்கு

காரண காரியமாக எழுத வேண்டாம். கிளர்ச்சி பிப்ரவரியில் போடோஷானி மாவட்டத்தின் ஃப்ளமன்ஸி ஊரில், குத்தகைத் தகராறில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. ராணுவம் ஆயிரக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்றது. கவிதைகள் எல்லாம் 1904-க்கு முன் எழுதியவை. "அந்த ஆண்டில் இந்த நூலைக் கையில் எடுத்தவன் எப்படிப் படித்திருப்பான்" என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

கிளர்ச்சியைவிட 1902 மிஸ்ஸீர் சட்டம் அவர் வாழ்க்கைக்கு நெருக்கம். பட்டறைக்காரரையும் கூலித் தொழிலாளியையும் ஒரே தொழிற்குழுவுக்குள் கட்டாயமாக அடைத்த சட்டம் அது. தனிச் சங்கம் வளராமல் செய்கிற ஏற்பாடு என்று சோஷலிஸ்டுகள் எதிர்த்தார்கள். 'ரொமானியா முன்சிடோவாரே' கிளம்பிய ஆண்டும் அதே 1902.

---

சந்தப்பாணர்

யாப்புக்கு வருகிறேன். ருமேனியச் செய்யுள் அசை எண்ணிக்கையிலும் அழுத்தத்திலும் நடப்பது. அந்தக் காலத்துப் பாடல் வகையில் அதிகம் காணும் அமைப்பு எட்டசை, ஏழசை அடிகள் மாறி மாறி வருவது. முதல் அசையில் அழுத்தம், அடுத்தது தளர்வு. எட்டசை அடி தளர்ந்து முடியும், ஏழசை அடி அழுத்தத்தோடு வெட்டென்று நிற்கும். அந்த வெட்டுதான் பாட்டுக்குக் காலடிச் சத்தத்தைக் கொடுக்கிறது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கவிதையையும் முதலில் விரல்விட்டு எண்ணுங்கள். இரண்டு உயிர் சேர்ந்து ஓர் அசையாகும் இடங்கள் ருமேனியத்தில் அதிகம், அகராதியில் அசைபிரிப்பைப் பார்த்தே எண்ணுங்கள்.

தமிழில் இதற்கு நெருக்கம் சிந்து. ஓர் அடி நீண்டு அடுத்தது குறைந்து நிற்கும் நொண்டிச்சிந்து அமைப்பில், அந்த ஏழசை வெட்டைத் தனிச்சொல் அல்லது இறுதி அசை நீட்டத்தால் பிடிக்கலாம். அறுசீர் விருத்தம் வேண்டாம். அடி நீளும், நீண்ட இடத்தை நிரப்ப "அந்தோ", "ஐயகோ" எல்லாம் வந்து உட்காரும். அவர் சிக்கனக்காரர், அடைமொழி குறைவு.

மூலத்தில் அடியீற்று ஒலி ஒன்றுதல் இருக்கும். அதைத் தமிழில் இயைபாக அப்படியே வைக்கப் போனால் நாலு அடியும் "எழுவோம், விழுவோம், தொழுவோம்" என்று வினைமுற்றில் போய் மோதும். தமிழில் எந்த வினையும் அப்படி ஒன்றும், உழைப்பே இல்லாத ஒலி. உங்கள் வரைவு துண்டுப்பிரசுரம் மாதிரி வந்தது என்றீர்களே, பாதிக் காரணம் இதுவாக இருக்கும். ஈற்றை விடுங்கள். அடி முதலில் எதுகை, சீர் முதலில் மோனை, அந்த வேலையை இவை பார்த்துக்கொள்ளும். வினைமுற்று அடியின் நடுவில் போகட்டும், பெயர்ச்சொல்லோ எண்ணோ கடைசியில் நிற்கட்டும்.

காதல் கவிதைகளுக்குச் சிந்து சரிவராது, கேலியாகிவிடும். அவற்றை நாற்சீர் அகவலில் மெதுவாக ஓடவிடுங்கள்.

வேலை வரிசை இப்படி வையுங்கள்: முதலில் சொல்லுக்குச் சொல் உரைநடை, பக்கத்திலேயே அசை எண். பிறகு மூலத்தை மூடிவைத்துவிட்டு உரைநடையிலிருந்து சிந்து. அதைச் சத்தமாக, கைதட்டிப் படியுங்கள். எங்கே தட்டு தவறுகிறதோ அங்கே சொல் மாற்றுங்கள். எல்லாம் முடிந்த பிறகே மூலத்தைத் திறந்து, விட்டுப்போன பொருள் உண்டா என்று பார்ப்பது. இந்தக் கடைசிச் சோதனையை ருமேனிய மூலத்தோடுதான் செய்ய வேண்டும். எமினெஸ்கு காலத்துக் கவிதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளில் பல பன்னிரண்டு அசை அடிக்காக இட்டு நிரப்பியவை. அவற்றில் இருக்கும் உருவகம் மூலத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

---

தோல்பதம்

ஒரு சின்னச் சேர்க்கை. மொழிபெயர்ப்பில் தொழில் சாமான் எங்காவது வந்தால் "கருவி", "உபகரணம்" என்று பொதுப்பெயர் போடாதீர்கள். குத்தூசி, இடுக்கி, மெழுகுநூல், கட்டை என்றே போடுங்கள்.